இருபதாம் வாரத்துப் பக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்க லேன்களில் வளர்ந்த பிள்ளைகளின் கொப்பிகளுக்கு ஒரு தனி மணம் இருந்தது. உப்புக்காற்று ஏறி ஏறித் தாள் நனைந்த துணிபோல் மெத்தென்று ஆகிவிடும். அதில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தால் மை அந்தப் பக்கத்தோடு நிற்காது, பின்பக்கத்துக்கும் ஊறி, நேற்று விட்ட பிழை இன்றைய எழுத்துக்கு நடுவிலும் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஏழாம் வகுப்பு முழுவதும் நான் அப்படிப்பட்ட தாள்களில்தான் எழுதினேன். எழுதக் கற்றுக்கொண்டது அந்த வருடத்தில்தான். என்னிடம் எதையும் வாசிக்கக் கொடுப்பதை அம்மா நிறுத்தியதும் அதே வருடத்தில்தான்.

எங்களுக்குத் தமிழ் படிப்பிக்க அந்த வருடம் புதிதாக வந்தவர் பவானி மிஸ். முப்பது வயது இருக்கும். பம்பலப்பிட்டியிலிருந்து குடை பிடித்துக்கொண்டு நடந்தே வருவார். அதுவரை எங்களுக்குக் கட்டுரை என்றால் தவணைக்கு இரண்டு தரம், வழிகாட்டிப் புத்தகத்தில் இருப்பதைப் பாடமாக்கிக்கொண்டு போய் எழுதிவிட்டு வருவது. ‘நான் ஒரு குடை’ என்று நாற்பது பிள்ளைகளும் ஒரே குடையாக இருந்தோம். பவானி மிஸ் வந்த முதல் வாரத்திலேயே எல்லோரையும் எண்பது பக்க ‘சிங்கிள் றூல்’ கொப்பி ஒன்று வாங்கச் சொன்னார். தினமும் ஒரு பக்கம். தலைப்பு கிடையாது, அன்றைக்குக் கண்டதை எழுத வேண்டும். காலையில் அவருடைய மேசையில் வைத்தால் கடைசிப் பாடவேளைக்குள் திருப்பித் தந்துவிடுவார். புள்ளி போடமாட்டார், ‘நன்று’ என்று எழுதமாட்டார். ஒரேயொரு வகைப் பிழையை மட்டும் கோடிட்டுக் காட்டுவார். பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி கேட்பார். அடுத்த நாள் பக்கத்தை அந்தக் கேள்விக்கான பதிலில் இருந்து தொடங்க வேண்டும்.

என்னுடைய முதல் பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். “என் அன்னை அன்பே உருவானவர். அவர் மெழுகுவர்த்திபோல் தன்னை உருக்கி எமக்கு ஒளி தருகிறார். அவர் தெய்வத்துக்கு நிகரானவர்” என்று தொடங்கி, பக்கம் நிரம்பும்வரை அதையே வேறு வேறு சொற்களில் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தேன். வகுப்பில் பாதிப் பேரின் அன்னையரும் அன்று உருகிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். மிஸ் அடியில் கேட்டிருந்த கேள்வி: “இன்று காலை ஏழு மணிக்கு உன் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்?”

அதற்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பதில் தெரியாமல் இல்லை. அப்படி ஒரு விஷயத்தைக் கொப்பியில் எழுதலாம் என்றே எனக்குத் தெரியாது. கடைசியில், அம்மா ஏழு மணிக்கு என் வெள்ளைச் சப்பாத்துக்குச் சோக்குக் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார், கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போனபோது ஜன்னல் அதிர்ந்து சப்பாத்து கீழே விழுந்தது என்று எழுதினேன். “விழுந்தபோது அம்மா என்ன சொன்னார்?” என்று அடுத்த கேள்வி வந்தது.

இப்படியே வாரங்கள் போயின. ‘மிகவும்’ என்ற சொல்லை ஒரு மாதத்துக்கு விட்டுப் பார் என்றார். ‘அழகாக இருந்தது’ என்று எழுதினால் அதற்குக் கீழே கோடு போட்டு, “எனக்குத் தெரியவில்லையே” என்று எழுதினார். ஒருநாள் காலி வீதிச் ‘செக்பொயின்ற்’றில் ஆமிக்காரர் அப்பாவின் மதியச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துப் பார்த்ததைப் பற்றி எழுதினேன். “திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பார்சல் எப்படி இருந்தது?” என்று கேட்டார். அதை நான் பார்த்திருந்தேன், ஆனால் அவர் கேட்கும்வரை அதைப் பார்த்தது எனக்கே தெரியாது. வாழையிலை கிழிந்து, பருப்பு செய்தித்தாளில் ஊறி, அப்பா அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அதை எழுதிய அன்றைக்கு மிஸ் கேள்வி எதுவும் கேட்கவில்லை. “இதுதான்” என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் எழுதத் தயாராக இருந்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் இறங்கும் சாமான்களை ‘கிளியர்’ பண்ணும் கந்தோர் ஒன்றில் கிளார்க். என் படிப்புக்காகத்தான் கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்கு வந்து, நாலு மாடிப் ‘பிளட்ஸ்’ ஒன்றில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். கீழேயும் மேலேயும் யாழ்ப்பாணக் குடும்பங்கள். அந்த வீடுகளின் அம்மாமார் பலர் படித்து வேலை பார்த்தவர்கள். எந்த ஊர் என்று அவர்கள் கேட்டால் அம்மா “கொட்டாஞ்சேனை” என்பார். அவர்களோடு கதைக்கும்போது “ஓம்” என்பார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் “ஆமா” என்பார். அம்மா பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என்பது அந்தப் பிளட்ஸில் ஒருவருக்கும் தெரியாது. எட்டு வயதில் ஹெவ்லொக் டவுனில் ஒரு பெரிய வீட்டுக்குப் பிள்ளை பார்க்கக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்பது வருடம் அங்கே இருந்தார். அந்த வீட்டு ஐயாவிடம் கையெழுத்து வாங்கக் கப்பல் கடுதாசிகளோடு வந்துபோன அப்பா அவரைக் கண்டு, விரும்பிக் கட்டிக்கொண்டார்.

அந்த வீட்டுச் சமையற்காரியிடம் சிங்களமும், ரெலிபோன் எடுத்து எடுத்து ஆங்கிலமும் அம்மா பழகியிருந்தார். மீன்காரனோடு சிங்களத்தில் விலை பேசுவதைக் கேட்டால் அவர் தமிழர் என்று சொல்லமாட்டீர்கள். ஆனால் அம்மாவுக்கு மூன்று மொழியிலும் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. இலக்கங்கள் தெரியும். அப்பா பழக்கிய கையெழுத்து ஒன்றைக் கோலம்போல் போடுவார். மற்றதெல்லாம் நான்தான். மருந்துப் போத்தல், பாடசாலையில் இருந்து வரும் சுற்றறிக்கை, வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசுக்குக் கொடுக்கிற ‘போம்’, பத்திரிகையில் பெண்கள் பக்கம் எல்லாவற்றையும் நான் வாசிப்பேன், அம்மா கேட்பார். ஒரு தரம் கேட்டால் போதும், ஒரு மாதம் கழித்தும் சொல் மாறாமல் சொல்வார். “என் கண்ணு ரெண்டும் உன்கிட்டதான் இருக்கு புள்ள” என்று சிரிப்பார். எனக்கு அதில் பெரிய பெருமை.

இரண்டாம் தவணை ரிப்போர்ட் கொடுக்கும் நாளில் அம்மா பாடசாலைக்கு வந்தார். வகுப்பாசிரியை நீட்டிய ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கி, மற்ற அம்மாமாரைப் போலவே பார்த்துவிட்டு, “கணக்கு கொஞ்சம் பாக்கோணும் என்ன” என்றார். முதல் நாளே நான் சொல்லி வைத்திருந்தேன், எதைச் சொல்ல வேண்டும் என்று. அன்று பின்னேரம் கொப்பியைத் திறந்தபோது அந்தக் காட்சியைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை. எழுதினேன். எழுதி முடித்த பிறகு பயம் வந்தது. பக்கத்தின் மேலே, சின்ன எழுத்தில், “மிஸ், இதை வேறு ஒருவருக்கும் காட்ட வேண்டாம்” என்று சேர்த்தேன்.

அந்தப் பக்கம் இப்படி இருந்தது:

“அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தால் முதலில் பக்கத்தில் இருப்பவர் எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பார்ப்பார். படமோ முத்திரையோ இருந்தால் எது மேல்பக்கம் என்று தெரிந்துவிடும். பிறகு கண்ணை மேலே இருந்து கீழே மெல்லக் கொண்டுவருவார். மற்றவர் தாளைத் திருப்பும்போது தானும் திருப்புவார். முடிவில் தலையை ஆட்டுவார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று எங்கள் பிளட்ஸில் யாருக்கும் தெரியாது. அம்மா தோட்டத்தில் பிறந்தவர். எட்டு வயதில் ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தார். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். அம்மா அதன் பையைத் தூக்கிக்கொண்டு கேற் வரைக்கும் போவார். பை பாரமாக இருந்ததா என்று கேட்டேன். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தால்தானே என்றார்.”

மாலையில் கொப்பி திரும்பி வந்தது. நான் மேலே எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் “காட்டமாட்டேன்” என்று இருந்தது. அடியில் “இதுதான்” என்று இருந்தது. அதற்குக் கீழே இரண்டு கோடு.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை பாடசாலை ஹோலில் பெற்றோருக்கும், மற்றப் பாடசாலைகளில் இருந்து வந்த தமிழ் ஆசிரியர்களுக்கும் ஒரு கூட்டம். தினமும் ஒரு பக்கம் எழுதினால் பிள்ளைகளின் எழுத்து எப்படி மாறுகிறது என்று பவானி மிஸ் பேசப் போகிறார், கல்விக் கந்தோரில் இருந்தும் பெரியவர்கள் வருகிறார்கள் என்று வகுப்பில் ஒரே பரபரப்பு. அம்மா கடும் நீலச் சேலை உடுத்திக்கொண்டு வந்தார். கீழ் மாடியில் இருந்த ரஞ்சி அன்ரியும், அவருடைய மகள் என் வகுப்பு என்பதால், வந்திருந்தார். இருவரும் மூன்றாவது வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நாங்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், மேடைக்குப் பக்கமாகச் சுவரோரம் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முகமும் தெரியும்.

மிஸ் நன்றாகப் பேசினார். பிள்ளைக்குப் புள்ளி வேண்டாம், தன்னை ஒருவர் வாசிக்கிறார் என்ற நம்பிக்கை வேண்டும் என்றார். சபையில் கை தட்டினார்கள். “சொன்னால் நம்பமாட்டீங்கள். ஒரே பிள்ளையின்ட ரெண்டு பக்கத்தை உங்களுக்குத் தாறன். ஒண்டு முதலாம் வாரம், மற்றது இருபதாம் வாரம். நீங்களே வாசிச்சுப் பாருங்கோ” என்றார். போட்டோகொப்பித் தாள்கள் வரிசை வரிசையாகக் கைமாறிப் போயின. எங்கள் பக்கமும் ஒன்று வந்தது. ஒரு பக்கத்தில் மெழுகுவர்த்தி உருகிக்கொண்டிருந்தது. மறுபக்கத்தில் என் கையெழுத்து, என் அம்மா. மேலே நான் எழுதிய வரியும் இல்லை, “காட்டமாட்டேன்” என்பதும் இல்லை. அந்த இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து மறைத்துப் பிரதி எடுத்திருந்தார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். தாள் அம்மாவின் கைக்குப் போய்விட்டது. ரஞ்சி அன்ரி எப்படிப் பிடித்திருக்கிறார் என்று ஒரு தரம் பார்த்தார். கண்ணை மேலே இருந்து கீழே மெல்லக் கொண்டுவந்தார். ரஞ்சி அன்ரி தாளைத் திருப்பியபோது தானும் திருப்பினார். ஹோலில் இருநூறு பேர் வாசித்துக்கொண்டிருந்ததை அம்மா அங்கே இருந்து செய்து காட்டிக்கொண்டிருந்தார். ரஞ்சி அன்ரி பாதியில் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். அவருக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் மெதுவாகத் திரும்பினார். அம்மா முடிவில் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு என்னைத் தேடி, கண்டுபிடித்து, சிரித்தார். என் எழுத்துத்தான் அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் கொப்பியை அவர் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் என் எழுத்தின் சாய்வு அவருக்குத் தெரியும்.

அந்தச் சிரிப்புக்கு நான் திருப்பிச் சிரித்தேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரஞ்சி அன்ரி எங்களோடு வரவில்லை. வேறு அலுவல் இருக்கிறது என்றார். அம்மா தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் அமர்ந்து, அதை விரித்து என்னிடம் நீட்டினார்.

“வாசிச்சிக் காட்டு புள்ள. ஹோலே வாசிச்சிச்சு, நான் மட்டும் கேக்கல.”

முதல் வாரத்துப் பக்கத்தை உள்ளபடியே வாசித்தேன். மெழுகுவர்த்தி, தெய்வம், எல்லாம். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு நல்லா எழுதியிருக்க” என்றார். “அந்தப் பக்கம்?”

தாளைத் திருப்பினேன். திருப்பிவிட்டு, தாளில் இல்லாத ஒன்றை வாசித்தேன். அம்மா மீன்காரனோடு சிங்களத்தில் விலை பேசுகிறார், அவன் ஏமாந்து போய் ஒரு சாளை மீனைக் கூடுதலாகப் போடுகிறான், லேன் முழுக்கச் சிரிக்கிறது என்று நிறுத்தாமல், வசனம் வசனமாக, தாளில் விரலை ஓட்டிக்கொண்டு வாசித்தேன். இருபது வாரம் எழுதிப் பழகியவளுக்கு அது சிரமமாக இருக்கவில்லை. ‘மிகவும்’ என்ற சொல் ஒரு தரம்கூட வரவில்லை. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பின்னேரம் ஆறு மணிக்கு அப்பா வந்தார். தேத்தண்ணீர் கொடுத்த கையோடு அம்மா தாளையும் கொடுத்தார். அப்பா தனக்குள் வாசித்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவர் கண் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“சத்தமா வாசிங்களேன்” என்றார் அம்மா.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “அம்மா விடியக்காலம எழும்பி இடியப்பம் அவிக்கிறா...” என்று தொடங்கினார். பாவம், அவருக்குக் கதை கட்டிப் பழக்கமில்லை. இடியப்பத்தில் தொடங்கி, சம்பலுக்குப் போய், என் தலை பின்னுவதற்கு வந்து, அங்கே நின்றுவிட்டார்.

அம்மா சிரித்த முகம் மாறாமலே கேட்டார்: “மீன்காரன் எங்க?”

“எந்த மீன்காரன்?”

“புள்ள வாசிக்கிறப்போ மீன்காரன் வந்தான். சாளை மீன் வந்திச்சு. நீங்க வாசிக்கிறதுல இடியப்பம் வருது.”

கோச்சி ஒன்று போய் முடியும்வரை ஜன்னல் அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா அப்பாவின் கையில் இருந்த தாளை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

“உள்ளத வாசி.”

“விடும்மா, பிள்ளதானே” என்றார் அப்பா.

“உள்ளத வாசி” என்றார் அம்மா திரும்பவும். குரல் உயரவில்லை.

வாசித்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதும் போல. பை பாரமாக இருந்ததா என்று நான் கேட்ட இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். அம்மா காத்திருந்தார். நான் மிச்சத்தையும் வாசித்து முடித்தேன்.

“இத எத்தன பேரு வாசிச்சாங்க?”

“எல்லாரும்.”

“நான் கையில வச்சிக்கிட்டு இருக்கிறப்போவா?”

“ஓம்” என்றேன். பிறகு “ஆமா” என்றேன்.

அம்மா எழுந்து போய் அப்பாவின் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவினார். அதைக் கழுவுவதற்கு அவ்வளவு நேரம் எடுக்காது.

திங்கட்கிழமை இடைவேளையில் பவானி மிஸ்ஸைத் தேடிப் போனேன். படிக்கட்டடியில் நின்று, “காட்டமாட்டன் எண்டு எழுதினீங்கள் மிஸ்” என்று மட்டும் சொன்னேன். அவருடைய முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு என் தோளில் கையை வைத்தார்.

“பேர் போடேல்லைத்தானே சுமதி. நீ மேல எழுதின வரியையும் எடுத்திட்டன். உன்ர எழுத்து எவ்வளவு தூரம் வந்திருக்குதெண்டு அவையள் பாக்கோணும் எண்டுதான். வேற ஒராளின்ர பக்கத்திலயும் அப்பிடி ஒரு மாற்றம் இல்லை.”

“அம்மாவும் வந்திருந்தவ மிஸ்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, பொய் சொல்லாமல் பதில் சொன்னார். “அம்மா அதை வாசிக்கப் போறேல்லைத்தானே எண்டு நினைச்சிட்டன்” என்றார்.

அந்த வசனத்தை நான் பல வருடம் சுமந்துகொண்டு திரிந்தேன். அவர் கெட்டவர் இல்லை. பொருத்தமான சொல்லுக்காக ஒரு பிள்ளையோடு இருபது வாரம் மினக்கெடுகிற ஆசிரியை எத்தனை பேருக்குக் கிடைப்பார். ஆனால் என்னை அவ்வளவு கவனமாக வாசித்தவர், நான் யாரைப் பற்றி எழுதினேனோ அந்த ஆளை ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை. எழுத்து நன்றாக இருந்தது அவருக்குப் போதுமாக இருந்தது. “இன்றைக்கு நடந்ததையும் எழுது, மனசு லேசாகும்” என்றார் போகும்போது.

நான் எழுதினேன். “காலைப் பொழுது மிகவும் அழகானது. கதிரவன் தன் பொற்கதிர்களை வீசுகிறான்” என்று எழுதினேன். அவர் அடியில் கேட்ட கேள்விக்கு அடுத்த நாள் பதில் எழுதவில்லை. நிலவைப் பற்றி எழுதினேன். மூன்றாம் வாரம் அவர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஒரு ‘சரி’ மட்டும் போட்டார். வருடக் கடைசியில் இடமாற்றம் பெற்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் போனார். பொற்கதிர்களோடு நான் சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு அதிவிசேட சித்தி எடுத்தேன்.

பிளட்ஸில் யாரும் அம்மாவை முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கீழே அறிவித்தல் பலகையில் ஏதாவது ஒட்டியிருந்தால் ரஞ்சி அன்ரி அம்மாவை நிறுத்தி, சொல் சொல்லாக, உரத்து வாசித்துக் காட்டுவார். ஒருநாள் படியில் மறித்து, “உங்கட தோட்டப் பக்கம் வீட்டோட நிண்டு வேலை செய்ய ஒரு பிள்ளை எடுக்கலாமோ?” என்று கேட்டார். நான் அம்மாவுக்குப் பின்னால் மரக்கறிப் பையோடு நின்றேன். அம்மா, “எங்க பக்கத்துப் புள்ளைங்க இப்ப படிக்கிறாங்க” என்றார். அன்றைக்குப் பிறகு அந்தப் பிளட்ஸில் யாரோடும் அவர் “ஓம்” என்று சொல்லி நான் கேட்கவில்லை.

என்னை அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை, சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. ஆனால் தாள்கள் என்னிடம் வருவது நின்றுவிட்டது. மருந்துப் போத்தல் வந்தால் அலமாரி மேலே வைப்பார். பாடசாலைச் சுற்றறிக்கை வந்தால் மடித்து அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைப்பார். “தாங்க, நான் வாசிக்கிறேன்” என்றால், “அப்பா வரட்டும்” என்பார். ஒருமுறை பல் பரிசோதனைக்கு அனுமதிக் கடிதம் மூன்று நாள் அப்படியே கிடந்து, நான் மட்டும் வகுப்பில் தனியாக இருந்தேன். பெண்கள் பக்கத்தை நான் சத்தமாக வாசித்துக்கொண்டே குசினிப் பக்கம் நடந்து பார்த்திருக்கிறேன். அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்.

இதெல்லாம் நடந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அந்தப் பிளட்ஸை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் பன்னிரண்டு மாடி நிற்கிறது. அப்பா போய் ஆறு வருடம். நான் ஒரு அரச கந்தோரில் மொழிபெயர்ப்பாளர். படிவங்களையும் சுற்றறிக்கைகளையும் யாருடைய சாயலும் இல்லாத தமிழில் எழுதுவது என் தொழில். பாடசாலைப் பிள்ளைகள் தினமும் ஒரு பக்கம் எழுதுவதை நான் எங்கும் காணவில்லை. என் மகளின் பாடங்கள் போனில் வருகின்றன, அவளுடைய பதில்கள் போனில் போகின்றன. யாரும் அடியில் கேள்வி கேட்பதில்லை. சிவப்பு மை ஊறிய கொப்பி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். தாள் எதையும் யாரிடமும் கொடுக்க வேண்டிய தேவையே அவருக்கு இப்போது இல்லை. எழுத்தைப் படம் பிடித்தால் வாசித்துச் சொல்கிற ஏதோ ஒன்றை என் மகள் அவருடைய போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கிளினிக் துண்டு, தண்ணீர் பில், கோவில் நோட்டீஸ் எல்லாவற்றையும் படம் பிடித்துக் காதில் வைத்துக் கேட்பார்.

போன மாதம் கந்தோரில் என்னோடு வேலை செய்யும் ஒருவர், ஆசிரியையாக இருக்கும் தன் தங்கைக்குப் பயிற்சியில் கொடுத்த தாள் என்று ஒரு படத்தை அனுப்பினார். “எவ்வளவு அருமையான பிள்ளை பாருங்கள்” என்று எழுதியிருந்தார். ஒரு பக்கம் முதலாம் வாரம், மறுபக்கம் இருபதாம் வாரம். பிரதிக்குப் பிரதி எடுத்து எழுத்துகள் தடித்துப்போயிருந்தன. ஆனாலும் என் சாய்வு தெரிந்தது. மேலே அந்த வெள்ளை இடம் அப்படியே இருந்தது. இத்தனை வருடமாக அம்மா எத்தனை வகுப்பறைகளில் தாளைத் திருப்பித் தலையாட்டியிருப்பார் என்று எண்ணிப் பார்க்க முடியவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் போனேன். பழைய கதையை எழுதியிருக்கிறேன், நீங்கள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுவேன் என்றேன். “வாசிக்கட்டுமா?” என்று கேட்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “நீ வாசிக்கிறது அதுல உள்ளதுதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சந்தையில் நிறையைப் பற்றிக் கேட்பது மாதிரிக் கேட்டார். “போனுக்கு அனுப்பு. அது வாசிக்கும்.”

அனுப்பினேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். போனின் அந்தப் பெண்குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், என் வசனங்களை வாசித்துக்கொண்டு போனது. மீன்காரன் வந்தான். இடியப்பம் வந்தது. நடுவில் இரண்டு தரம் சத்தம் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது.

வெளியே வந்தபோது அம்மாவின் முகத்தில் எதையும் என்னால் வாசிக்க முடியவில்லை.

“போடு” என்றார். “ஆனா எல்லா இடத்துலயும் அம்மா அம்மான்னு போட்டிருக்க. எனக்குப் பேரு இல்லையா? அந்த வீட்டுல மேரின்னு கூப்பிட்டாங்க. பிளட்ஸ்ல சுமதியோட அம்மான்னாங்க. அந்த டீச்சரும் என் பேரப் போடல. நான் என்ன களவா எடுத்தேன்?”

என் அம்மாவின் பெயர் மாரியாயி.

சேர்த்துவிட்டேன் என்று சொன்னேன். அம்மா போனைத் திரும்பவும் என்னிடம் நீட்டி, புதிதாக அனுப்பச் சொன்னார். அந்தப் பெயர் வரும் இடம்வரை பொறுமையாக இருந்து, போன் அதைச் சொல்லக் கேட்ட பிறகுதான் எழுந்து கீரையைக் கழுவப் போனார்.